குளியலறைக்குப் பச்சை

1

1933 மார்ச் 2, வியாழக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். பல் துலக்கி, முகம் கழுவி, ஒரு கோப்பை கடுங்காப்பி. ஐந்தே காலுக்குப் பெரட்டு. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு இங்கே அதுதான் பெயர். காய்ச்சலில் படுத்தவர்கள் ஆறு பேர், சொல்லாமல் நின்றவர் ஒருவர். ஆறு மணிக்கு ஆபீஸ். பதினொன்றுக்கு ரப்பர்ப் பால் நிறுவை. அன்று பால் குறைவு, முந்தின ராத்திரி முழுக்கத் தூறல் இருந்து மரம் நனைந்ததால். பன்னிரண்டு இருபதுக்கு வீடு திரும்பிக் குளிக்கப் போனேன்.

மார்ச் 2 எனக்கு ஒரு கணக்குத் தேதி. 1911-இல் இதே நாளில்தான் சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கினேன். அன்றும் வியாழக்கிழமை. ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் சொந்த ஊரான மன்னார்குடிக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது வழக்கம். அங்கே ஒரு நண்பர் அதைத் தம் பத்திரிகையில் போடுவார். மலாயாவில் கூலாய் என்ற ஊருக்கு ஐந்து மைல் தள்ளியிருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். போன வருடம் அன்னாசி பற்றி எழுதினேன். அதற்கு முந்தின வருடம் மெர்சிங் கடற்கரையில் கருவாடு காய்வதை. இந்த வருடம் ரப்பர் விலை விழுந்து ஆட்கள் ஊர் திரும்புவதை எழுதுவதாக இருந்தேன். அதை எழுத இப்போது மனம் ஓடவில்லை. நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் குளியலறை வீட்டின் பின்கட்டில், பத்தடிக்கு ஆறடி. சிமெண்டுத் தொட்டி ஒன்று, உட்காரப் பலகை ஒன்று, மேலே தகரம். சுவருக்குப் பச்சை அடித்து நேற்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது. தலையில் நாலு சொம்பு ஊற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். தொட்டிக்கு இடப்பக்கம், உட்கார்ந்தால் தோள் மட்டத்துக்கு வரும் இடத்தில், பச்சை பெயர்ந்து உள்ளே இருந்த பழைய வெள்ளை தெரிந்தது. கீறல்கள் சிறியவை, நகம் அகலத்துக்கு. பதினேழு எண்ணினேன்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதையும் எழுத வேண்டும்.

2

குளியலறைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதா என்று மன்னார்குடியில் இதைப் படிப்பவர்கள் கேட்பார்கள். எங்கள் பழைய வீட்டில் குளியலறையே கிடையாது. கிணற்றடி இருந்தது. பெண்களுக்கு ஒரு கீற்றுத் தட்டி. கீற்று என்ன நிறத்தில் இருக்கலாம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு தாள் வரும். ஏப்ரலில் சுகாதார அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் கிராணி வீடுகள் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும் என்று தோட்ட மேனேஜர் துரை உத்தரவு போட்டார். வெளியே வெள்ளை. உள்ளே குடியிருப்பவர் விருப்பம். எந்த அறை, என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று மூன்று கட்டம் போட்ட ஆங்கிலத் தாளை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ‘என் மகளுக்குப் பிடித்திருப்பதால்’ என்று எழுத நினைத்து, என் ஆங்கிலத்தில் ‘என் மகளின் உத்தரவுப்படி’ என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். துரை பென்சிலால் கோடிட்டு, “அப்படியானால் என் கையெழுத்து எதற்கு?” என்று கேட்டார். நான் சிரித்தேன். உள்ளபடியே அது உத்தரவுதான்.

கமலா என் ஒரே மகள். 1913-இல் இதே தோட்டத்தில் பிறந்தவள், வயது இருபது. ஜொகூரில் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் ஏழு வருடம் தங்கிப் படித்தாள். மலாய் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும், தமிழில் கடிதம் எழுதச் சொன்னால் நாலு வரியில் நலம் விசாரித்து முடித்துவிடுவாள். சிகாமட் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருக்கும் பையனுக்குக் கொடுத்திருக்கிறோம். முதல் பிரசவத்துக்கு ஜனவரி கடைசியில் எங்களிடம் வந்தாள். இப்போது ஆறாம் மாதம்.

நிறப் பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடியது. என் மனைவி தங்கம், வெள்ளை என்றாள்.

“வெள்ளைன்னாத்தான் அழுக்குத் தெரியும். தெரிஞ்சாத்தான் தேய்க்கலாம்.”

நான் காவி கலந்த மஞ்சள் என்றேன். கறை தெரியாது, நாள்பட நிற்கும்.

“காவி அடிச்சா மடம் மாதிரி இருக்கும் லா அப்பா. துண்டு கட்டிக்கிட்டுப் போனா சாமியாருங்க பந்தியில உக்காந்த மாதிரி இருக்கும்” என்றாள் கமலா, பள்ளியில் ஒட்டிக்கொண்ட மலாய் ‘லா’வோடு. “பச்சை அடிங்க. எங்க ஸ்கூல்ல சிஸ்டருங்க குளிக்கிற ரூம் பச்சைதான்.”

“சிஸ்டருங்க குளிக்கிற ரூமை நீ எங்கே பார்த்தே?” என்று கேட்டேன்.

“எட்டிப் பாத்தேன். ஒரு வாரம் தோட்டத்துல புல்லுப் புடுங்கவிட்டாங்க. ஆனா நல்ல பச்சை.”

சுண்ணாம்பு அடிப்பவர் முனியாண்டி. நான் வந்த அதே கப்பலில் வந்தவர். நான் ஆபீசுக்குப் போனேன், அவர் மண்வெட்டிக்குப் போனார். இப்போது மராமத்து வேலை எல்லாம் அவருடையது. என் வீட்டுப் பின்சுவரில் மாதிரிக்கு ஒரு சாண் அகலத்தில் பட்டை அடித்துக் காட்டினார். முதலாவது, சலவை நீலத்தோடு மஞ்சள் மண்ணைக் கலந்தது. “பாசி புடிச்ச சொவரு எதுக்கு, அதான் ஏற்கனவே இருக்கே” என்று தங்கம் தள்ளிவிட்டாள். இரண்டாவது, கூலாய்ச் சீனன் கடையில் வாங்கிய பச்சைப் பொடி. காய்ந்ததும் பழைய வாழை இலை மாதிரி ஆயிற்று. கமலா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள், பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது பட்டை இருந்தது. நாற்றங்கால் பச்சை. எட்டு நாள் நாற்றில் வெயில் படும்போது வரும் நிறம். நானே நின்று பார்த்தேன். கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, “இதுதான் அப்பா. இதேதான்” என்றாள்.

இருபத்திரண்டு வருடங்களாக, எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று கேட்பதே என் பிழைப்பு. ஓர் ஆணி வந்தாலும் சீட்டுக் கேட்பேன். மூன்றாவது பட்டைக்குப் பொடி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மகள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அடிச்சிரு” என்று முனியாண்டியிடம் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

3

நேற்று ஈரத்தலையோடு சமையலறைக்கு வந்து தங்கத்திடம் கேட்டேன்.

“சுவத்தை யார் கீறினது?”

“ஏன், தாள்ல எழுதி துரைக்கு அனுப்பப் போறீங்களா?”

“பதினேழு இடம் கீறியிருக்கு.”

“எண்ணிட்டீங்களா. சரிதான்.” அவள் குழம்பை இறக்கி வைத்தாள். “புள்ளத்தாச்சிக்கு வாய் நமநமங்குது. சுண்ணாம்பு தின்னுறா. எல்லாரும் பண்றதுதான். நான் இவளை வயித்துல வச்சிருந்தப்போ உங்க திருநீத்து டப்பா காலியாயிட்டே வந்துச்சே, எறும்பு இழுத்துட்டுப் போகுதுன்னு டைரியில எழுதி வச்சீங்களே, அந்த எறும்பு நான்தான்.”

எழுதியிருந்தேன். 1912 நவம்பரில் இரண்டு இடங்களில் இருக்கிறது. எறும்பு மருந்தும் வாங்கியிருக்கிறேன்.

மசக்கையில் பெண்கள் சாம்பலும் அடுப்பு மண்ணும் தின்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆண்கள் அதைக் கேட்பதில்லை, பெண்கள் சொல்வதில்லை. கடல் தாண்டியும் அந்த வழக்கம் அப்படியே வந்திருக்கிறது. சிஸ்டர்கள் பள்ளியில் ஏழு வருடம் இருந்தவளுக்கும் வந்திருக்கிறது. எனக்குக் கோபம் போய்ச் சிரிப்புக்கூட வந்தது.

“வாந்தி நின்னுச்சா?” என்று கேட்டேன். மூன்று நாளாக இருந்தது.

“காலையில ரெண்டு தடவை. சிலருக்கு ஆறாம் மாசத்துலயும் இருக்கும். காலு மதமதங்குதுன்னா, எண்ணெ தேச்சுவிட்டேன்.”

சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு ஆபீசில் இருந்தேன்.

வியாழக்கிழமை இரண்டு மணி, கொசுப் பொடி கொடுக்கும் நேரம். வாய்க்காலிலும் சதுப்பிலும் கொசுப் புழுவைக் கொல்லத் தண்ணீரின் மேல் தூவும் பொடி இது. பாரிஸ் பச்சை என்பார்கள். பாஷாணம் கலந்தது. மண்டையோட்டுப் படம் போட்ட டின்னில் வரும். இரண்டு பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும். சாவி என் இடுப்பில். ஒவ்வொரு வியாழனும் ஒரு சிகரெட் டின் அளவு அளந்து கொடுப்பேன். வாங்குபவர் அதை நூறு பங்கு சலித்த ரோட்டுப் புழுதியில் கலந்து துருத்தியால் ஊதுவார். வாங்குபவரும் முனியாண்டிதான்.

நேற்று அளக்கும்போது கை தட்டிப் பொடி கொஞ்சம் பதிவுப் புத்தகத்தின் மேல் சிந்தியது. துடைப்பதற்காகக் காகிதத்தை ஒருபக்கமாகச் சாய்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் மெல்லிசாகப் பரவியது.

நாற்றங்கால் பச்சை.

நான் புத்தகத்தைச் சாய்த்தபடியே வைத்திருந்தேன். சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

“முனியாண்டி, என் வீட்டுச் சுவத்துக்கு என்ன பொடி போட்டே?”

“இதேதாங்கய்யா.” அவர் சந்தோஷமாகச் சொன்னார். நான் எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவர் மாதிரி. “மழ நாள்ல தூவ முடியல, தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போயிரும். மிச்சத்தப் பால் டின்னுல போட்டு வச்சிருந்தேன். சீனன் பொடி நல்லா இல்லாம பாப்பா மொகம் தொங்கிப்போச்சு. அதான், இதக் கலந்து பாப்பமேன்னு. கலரும் வந்துச்சு, கொசுவும் அண்டாது பாருங்க. வயித்துப் புள்ளக்காரி குளிக்கிற எடம்.”

“இது விஷம்னு உனக்குத் தெரியாதா?”

“கொசுக் குஞ்சுக்கு வெஷம். சொவத்தத் தின்னவா போறாங்க?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் ஐந்து வியாழக்கிழமைகளில் மழை கொட்டியது. ஐந்திலும் பொடி தூவவில்லை. ஐந்திலும் நான் அளந்து கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் வியாழன் என்று இருந்தது, வியாழன் வந்தது, கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்து, இந்த மழையில் எப்படித் தூவுவாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

4

நான் ஓடினேன். கிராணி ஓடி இந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், “என்னாங்கய்யா, ஸ்டோருல தீயா?” என்று கேட்டாள். நிற்காமல் ஓடினேன்.

ஓடும்போது ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் இரண்டு பல்லிகள் செத்துக் கிடந்தன. பூனை வேலை என்றாள் தங்கம். நான் டைரியில் ‘பல்லி இரண்டு, இறந்தவை’ என்று எழுதினேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது. வாந்தி மூன்று நாள். கால் மதமதப்பு.

கமலா கூடத்துப் பாயில் படுத்திருந்தாள். முகம் வெளுத்து, உதட்டோரம் காய்ந்து இருந்தது. காலையில் இதே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போனேன்.

“குளியலறைச் சுவத்தைத் தின்னியா?”

“இல்லப்பா.”

“பதினேழு கீறல் இருக்கு கமலா.”

அந்த எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். “பூனை கீறியிருக்கும்” என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “நானே சுண்ணாம்பு வாங்கித் திரும்ப அடிச்சு விடறேன்பா. சுகாதார ஆபீசர் வர்றதுக்குள்ள அடிச்சிரலாம். நீங்க தாள்ல எதுவும் எழுதாதீங்க” என்றாள்.

என் மகள் என்னிடம் பயந்தது சுவருக்காக. இருபது வருடமாக நான் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. நான் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆயிற்று.

“சுவர் போகட்டும்மா. அந்தப் பச்சையில விஷம் கலந்திருக்கு. எத்தனை நாளாத் தின்னே, எவ்வளவு தின்னே, அது மட்டும் சொல்லு.”

தங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“அடிச்ச மறுநாள்லேர்ந்து. குளிக்கும்போது மட்டும். நகத்துல வர்ற அளவுதான்பா. வெள்ளைதான் நல்லாயிருந்துச்சு, இது இரும்பு மாதிரி இருந்துச்சு. ஆனாலும் கை போகுது.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“ரெண்டு. சில நாள் மூணு.”

ஒன்பது நாள், நாளைக்கு இரண்டு, மூன்று என்று என் தலைக்குள் பெருக்கல் ஓடியது. பாஷாணம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரியாமல் எதைப் பெருக்கி என்ன? 1918 விஷக் காய்ச்சலில் லயம் லயமாகப் பிணம் எடுத்தபோது பயந்திருக்கிறேன். அந்தப் பயம் வெளியிலிருந்து வந்தது, கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. இது என் சாவியால் திறந்து, என் கையால் அளந்து, என் வீட்டுக்குள் வந்தது.

தங்கம்தான் அதைக் கேட்டாள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

“குழந்தை அசையுதாடி?”

கமலா வயிற்றில் கையை வைத்தாள். இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தாள்.

“நேத்து ராத்திரி ஒதச்சுது. காலையிலேர்ந்து இல்லம்மா. தூங்குதுன்னு நெனச்சேன்.”

5

தோட்டத்து ஆஸ்பத்திரி கால் மைல். கான்வாஸ் நாற்காலியில் உட்காரவைத்து, முன்பக்கம் முனியாண்டியும் பின்பக்கம் நானும் தூக்கினோம். முனியாண்டி என் பின்னாலேயே ஓடிவந்திருந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியை நடத்துபவர் டிரெசர், அதாவது டாக்டருக்கு உதவியாளரான கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் ஜொகூரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வருவார். மற்ற ஆறு நாளும் இவர்தான் டாக்டர். நான் சொன்னதை நடுவில் மறிக்காமல் கேட்டார். கமலாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வாயை முகர்ந்து பார்த்தார். உள்ளங்காலில் ஊசியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார்.

“கடைசியா எப்ப திண்டனீ பிள்ளை?”

“இன்னைக்குக் காலையில.”

“சத்தி எத்தினை தரம்?”

“வாந்தியா? ரெண்டு தரம்.”

“அது நல்லது. சத்தி எடுத்தது நல்லது.” அவர் அலமாரியைத் திறந்து இரும்பு டிங்சரையும் மக்னீஷியாவையும் எடுத்துக் கலந்தார். செங்கல் கரைத்த மாதிரி ஒரு குழம்பு ஆயிற்று. “இது போய் அந்த விஷத்தைப் பிடிச்சுக்கொள்ளும். ருசி பாராதை. விழுங்கு.”

கமலா ஒரு வாய் விழுங்கிவிட்டு, “அலமாக், ஐயையோ, இதுக்கு அந்தச் சுவரே மேல்” என்றாள். தங்கம் அழுதுகொண்டே அவள் முதுகில் ஒரு அடி போட்டாள்.

பிறகு தாள் வந்தது. கமலா கல்யாணமாகிப் போனவள், தோட்டத்துப் பேரேட்டில் இல்லை. சேர்ப்பதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். பெயர், வயது, கணவன், யார் பொறுப்பு. ஐந்தாவது கட்டம், நோயின் காரணம். டிரெசர் பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கிராணியார், இதிலை விஷம் எண்டு எழுதினால் நான் பொலிசுக்கு அறிவிக்க வேணும். துரைக்கும் போகும். சத்தி, வயித்துக் கோளாறு எண்டு எழுதினால் ஒண்டும் இல்லை. மருந்து நான் எப்பிடியும் குடுப்பன். நீர் யோசியும்.”

யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் யோசித்தேன். ஆட்களைக் குறைக்கிற காலம் இது. முனியாண்டியை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மழை நாளிலும் பாஷாணம் அளந்து கொடுத்த கிராணியை என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. நாற்பத்தாறு வயதில் மன்னார்குடிக்குப் போய் நான் யாரிடம் வேலை கேட்பேன்? அங்கே என்னை அறிந்தவர்கள் நான் எழுதி அனுப்பும் குறிப்பை அறிந்தவர்கள்தான்.

ஆனால் மறுநாள் வருகிற டாக்டர் இந்தத் தாளைத்தான் முதலில் படிப்பார். வயிற்றுக் கோளாறு என்று படித்தால் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து எழுதுவார்.

எழுதினேன். பாரிஸ் பச்சை, சுண்ணாம்பில் கலந்தது, எவ்வளவு என்று தெரியாது. பிப்ரவரி 22 முதல் மார்ச் 2 காலை வரை, நாளைக்கு இரண்டு மூன்று முறை, நகத்தளவு. பொடியைக் கொடுத்தவர் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். கலந்தவர் பெயரை அந்தக் கட்டம் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

டிரெசர் படித்துப் பார்த்தார். “எழுத்து வடிவாய் இருக்கு” என்று மட்டும் சொல்லித் தாளை மடித்தார்.

வெளியே முனியாண்டி மண்ணில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கட்டா? அந்தச் சொவத்துலேர்ந்து கொஞ்சம் நான் தின்னு பாக்குறேன். ஒரு ஆளுக்கு என்னா பண்ணுதுன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல.”

“உக்காரு முனியாண்டி.”

“சும்மா எப்பிடி உக்காருறது?”

“எனக்கும் தெரியல. உக்காரு.”

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். சுவரில் என்ன இருந்தது என்று இவருக்குத் தெரியும். பெண்கள் சுவரைத் தின்பார்கள் என்று தெரியாது. வீட்டுப் பெண்களுக்குத் தின்பது தெரியும், அதில் விஷம் இருப்பது தெரியாது. இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய ஆள் ஒருவன் இருந்தான். நடுவில் டைரி எழுதிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு மேல் பெண்கள் வார்டில் ஆண்கள் இருக்கக் கூடாது. புறப்படுமுன் டிரெசரை நிறுத்திக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

“தாய்க்கு விடியமட்டும் சத்தி இல்லாமல், கஞ்சி தங்கினால் எனக்கு நம்பிக்கை வரும். கால் விறைப்பு மெல்ல மெல்லத்தான் போகும். வயித்துப் பிள்ளையைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல மாட்டன். அசைஞ்சால் வந்து சொல்லும்.” பிறகு, “அந்தச் சுவரைக் காய்ஞ்சபடி சுரண்டிப்போடாதையும். தூள் மூக்குக்குள்ளை போகும்” என்றார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். கமலாவின் கணவனுக்குத் தந்தி எழுதி, கூலாய்க்கு ஆள் அனுப்பினேன். ‘உடனே வரவும்’ என்று எழுதிய பிறகு, அந்த இரண்டு சொல்லைப் படித்தால் அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது. வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே அனுப்பினேன். டைரியில் மார்ச் 2-ஆம் தேதிப் பக்கத்தில் பால் நிறுவை வரை எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே காலி.

6

மார்ச் 3, வெள்ளிக்கிழமை. பெரட்டுக்குச் சின்னக் கிராணியைப் போகச் சொல்லி முந்தின மாலையே சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் பெரட்டைத் தவறவிட்டது இதுதான் முதல் முறை. முகம்கூடக் கழுவவில்லை. முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஐந்து மணி. வார்டு சன்னலின் மரக்கதவு அரைவாசி திறந்திருந்தது. வெளியே புல் ஈரத்தில் நின்று, “தங்கம்” என்று கூப்பிட்டேன். அவள் எழுந்து வந்தாள். தலை கலைந்து, ஒரே நாளில் அவள் தாயைப்போல் இருந்தாள்.

“கஞ்சி தங்கிச்சு. ரெண்டு தடவை குடிச்சா. வாந்தி இல்ல.”

“மத்தது?”

“இன்னும் இல்ல.”

அவளுக்குப் பின்னால் கட்டிலில் கமலா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. தங்கம் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, புடவையை விலக்கி, வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். நான் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தேன். ஐந்து மணி ஆறு நிமிஷம்.

“கடிகாரத்தப் பாக்காதீங்கப்பா” என்றாள் கமலா. குரல் கம்மியிருந்தது. “அதுக்கு வெக்கமா இருக்கும்.”

கடிகாரத்தைப் பைக்குள் போட்டேன். அப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பெரட்டுக் களத்தில் மணி அடித்தது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தங்கம் கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். என் இரண்டு கையும் சன்னல் கம்பியைப் பிடித்திருந்தன.

“இருங்க” என்றாள் தங்கம்.

இருந்தேன்.

அவள் முகம் மாறியது. கமலா மூச்சை உள்ளே இழுத்தாள்.

“ஒதச்சுது” என்றாள் தங்கம்.

“நெசமாவா?”

“ஒதச்சுதுங்க. இதோ, இந்த எடத்துல.”

கமலா தலையணையில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். தங்கம் கையை எடுத்து முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை பாரு” என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. எடுத்த கையை அதே இடத்தில் மறுபடியும் வைத்தாள்.